கடல் நிறையப் பாசி, குஞ்சுக்கு ஒரு வாய் இல்லை: சிப்பிப் பொரிப்பகங்களின் தீவனக் கேள்வி

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் குடியிருப்பவர்களுக்குக் கடல் தூரமில்லை. உட்லண்ட்ஸ் கடலோரப் பூங்காவின் படகுத்துறை சுமார் 400 மீட்டர் நீளத்துக்கு ஜோகூர் நீரிணைக்குள் நீண்டு கிடக்கிறது. வற்றுநேரத்தில் அதன் தூண்களைப் பார்த்தால் சிப்பியும் மட்டியும் அடைஅடையாக அப்பியிருக்கும். யாரும் அவற்றுக்குத் தீவனம் போடவில்லை. நீரிணைத் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்றே அவை வளர்ந்தன.

ஆனால் அதே இனத்தின் குஞ்சை ஒரு பொரிப்பகத் தொட்டியில் விட்டு, அதே கடல்நீரை ஊற்றிவைத்தால் பெரும்பாலும் செத்துப்போகும். பிழைக்கவைக்க வேண்டுமென்றால் குளிரூட்டிய அறை, வெள்ளை விளக்கு, கொதிக்கவைத்த கண்ணாடிக் குடுவை, குறிப்பிட்ட இனத்துப் பாசி, தினமும் நுண்ணோக்கியில் எண்ணிக்கை என்று ஒரு பெரிய ஏற்பாடே தேவைப்படுகிறது. சிப்பிப் பொரிப்பகத்தின் செலவில் சராசரியாக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தப் பாசிக்கே போகிறது என்பது துறையில் பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. கடலில் இலவசமாகக் கிடைப்பதற்கு உள்ளே ஏன் இவ்வளவு பாடு? சிப்பி வளர்ப்பின் நூறாண்டு ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வந்திருக்கிறது. அதை ஒருமுறை முழுதாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

வாயின் அளவு

முத்துச்சிப்பி, ஆளி, மட்டி எல்லாம் பெரும்பாலும் முட்டையும் விந்தும் கடல்நீரில் கலந்து கருவாகும் உயிர்கள். கருவுற்ற முட்டை ஒரு நாளுக்குள், ஆங்கில டி எழுத்தைப் படுக்கவைத்ததுபோல் இரண்டு ஓடு கொண்ட இளவுயிரியாக மாறுகிறது. மன்னார் வளைகுடா முத்துச்சிப்பியில் அந்த நிலையில் அதன் நீளம் 70 மைக்ரானுக்கும் சற்றுக் குறைவு. நம் தலைமுடி ஒன்றின் கனம்தான். அதன் வாய்க்குள் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட எதுவும் எளிதில் போகாது.

முட்டையோடு வந்த கட்டுச்சோறு ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். அதற்குள் சரியான அளவில் தீனி கிடைக்க வேண்டும். அதன்பின் இரண்டு மூன்று வாரம் நீந்தித் திரிந்து, கண்புள்ளி வைத்து, கால் முளைத்து, ஒட்டிக்கொள்ள இடம் தேடும். ஒட்டியபின்தான் அது சிப்பிக் குஞ்சு. இந்த மூன்று வாரத்தில் தீனி குறைந்தால் வளர்ச்சி நின்றுவிடும். கூடினால் தின்னாத பாசி அடியில் அழுகி, பாக்டீரியா பெருகி, தொட்டியே போய்விடும்.

ஆக, கடல்நீரில் பாசி இருப்பது மட்டும் போதாது. வாய்க்குள் நுழையும் அளவில், செரிக்கக்கூடிய இனம், அன்றன்றைக்கு அளவாகக் கிடைக்க வேண்டும்.

இரண்டு வழிகள்

தொடக்கத்தில் ஆய்வாளர்கள் எளிய வழியைத்தான் பிடித்தார்கள். 1920களில் நியூயார்க்கில் வில்லியம் வெல்ஸ், பாலிலிருந்து ஏடு பிரிக்கும் மையவிலக்குக் கருவியில் கடல்நீரைச் சுழற்றிப் பெரிய உயிரிகளை விலக்கினார். மீந்த நுண்பாசியைக் கொண்டு ஆளிக் குஞ்சுகளை வளர்த்தார். பின்னர் கிளான்சி என்பவர் இதைச் செம்மைப்படுத்தினார். வடிகட்டிய கடல்நீரை வெயில் படும் தொட்டியில் ஒரு நாள் வைத்தால் பாசி தானே பெருகும், அதைக் குஞ்சுக்கு ஊற்றலாம். வெல்ஸ்-கிளான்சி முறை என்று இதற்குப் பெயர்.

இந்த முறையின் ருசியையும் ஆபத்தையும் என் வீவக வீட்டுச் சமையலறை ஜன்னலிலேயே பார்த்திருக்கிறேன். படகுத்துறையருகே எடுத்த நீரைக் காப்பி வடிதாளில் மூன்று முறை வடிகட்டி இரண்டு பாட்டிலில் ஊற்றினேன். ஒன்றை அப்படியே வைத்தேன், மற்றதில் பூந்தொட்டிக்கு ஊற்றும் திரவ உரம் ஒரு சொட்டு. நான்காம் நாள் உரம் போட்ட பாட்டில் தேயிலைத் தண்ணீர்போல் இளம்பழுப்பேறியது. எட்டாம் நாள் காலையில் பார்த்தால் தெளிந்து கிடந்தது, அடியில் கொஞ்சம் சேறு. கடன் வாங்கிய நுண்ணோக்கியில் ஒரு சொட்டை வைத்தபோது காரணம் புரிந்தது. மயிர்க்கால் கொண்ட ஒற்றைச்செல் உயிரிகள் மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருந்தன. நான் வளர்த்த பயிரை அவை மேய்ந்து முடித்திருந்தன. காப்பி வடிதாளில் அவை தப்பி வந்திருக்க வேண்டும். எந்தப் பாசி வளர்ந்தது, யார் அதைத் தின்றார்கள் என்று எதுவும் என் கையில் இல்லை. வெல்ஸ்-கிளான்சி முறையில் ஒரு பருவம் அமோகமாக இருந்தும் அடுத்த பருவம் கைவிட்டதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது வழி, வேண்டிய ஒரே இனத்தைப் பிரித்தெடுத்துத் தனியாக வளர்ப்பது. பிரான்சில் மிக்கேல் 1890களிலேயே ஊட்ட உப்புகள் சேர்த்த கடல்நீரில் டயட்டம் என்னும் வகைப் பாசிகளை வளர்த்தார். இங்கிலாந்தின் பிளிமத்தில் ஆலனும் நெல்சனும் 1910இல் அதை ஒழுங்கான முறையாக்கினார்கள். திருப்பம் வந்தது ஐல் ஆப் மேன் தீவின் போர்ட் எரினில். அங்கே ஒரு மீன் குட்டையிலிருந்து மேரி பார்க் 1938இல் பிரித்தெடுத்த பொன்பழுப்பு நிறப் பாசியை ஆளிக் குஞ்சுகள் விரும்பித் தின்று வேகமாக வளர்ந்தன. புரூஸ், நைட், பார்க் மூவரும் 1940இல் அந்த முடிவை வெளியிட்டார்கள். 1949இல் பார்க் அதற்கு ஐசோகிரைசிஸ் கால்பானா என்று பெயர் வைத்தார். இன்று உலகின் எந்தச் சிப்பிப் பொரிப்பகத்துக்குப் போனாலும் அந்தப் பாசியோ அதன் உறவோ ஒரு குடுவையில் இருக்கும்.

அமெரிக்காவின் மில்போர்ட் ஆய்வகத்தில் லூசனாப், டேவிஸ் குழு இதைத் தொழிலாக மாற்றியது. 1958இல் டேவிஸும் கில்லார்டும் பத்துப் பேரினங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரு பாடம் தெளிவானது: கெட்டியான செல்சுவர் கொண்ட பச்சைப் பாசி வாய்க்குள் போனாலும் இளங்குஞ்சுக்குச் செரிக்காது. சுவரற்ற ஐசோகிரைசிஸ் போன்றவையே வளர்ச்சி தந்தன. கில்லார்டின் பெயரால் அறியப்படும் எப்/2 ஊட்டக் கரைசல் இன்று பாசி ஆய்வகங்களின் பொதுச் சமையல் குறிப்பு. லிட்டருக்கு 75 மில்லிகிராம் சோடியம் நைட்ரேட், 5 மில்லிகிராம் பாஸ்பேட், டயட்டமாக இருந்தால் 30 மில்லிகிராம் சிலிக்கேட், சிறுதுளி உலோக உப்புகள், பி12 உள்ளிட்ட மூன்று விட்டமின். 1975இல் அதை விளக்கிய அவர் கட்டுரையின் தலைப்பே, கடல்வாழ் முதுகெலும்பற்ற உயிர்களுக்குத் தீனியாகப் பாசி வளர்ப்பதைப் பற்றியது.

தூத்துக்குடியின் மூன்றரை வாரம்

தமிழ்க் கரையில் இந்தக் கேள்வி முத்தோடு வந்தது. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன்பின் பார்களில் சிப்பி தேறவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் கே. அழகர்சாமியும் குழுவினரும் 1973இல் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். ஆனால் முத்து உருவாக்கச் சிப்பி வேண்டுமே? அதைக் கடலிலிருந்து மூழ்கியெடுத்தால் பார் காலியாகும், இல்லாத ஆண்டில் வேலை நிற்கும். குஞ்சை நிலத்திலேயே உண்டாக்கினால்தான் தொழில் நிலைக்கும்.

1981இல் அது கைகூடியது. அந்த வெற்றியின் மறுபாதி ஐசோகிரைசிஸ் கால்பானா. ஏறக்குறைய 20 மணி நேரத்தில் டி வடிவ இளவுயிரி, 24ஆம் நாள் வாக்கில் 300 மைக்ரான் அளவில் ஒட்டிய குஞ்சு. இடைப்பட்ட மூன்றரை வாரமும் அந்தப் பொன்பழுப்புப் பாசிதான் சாப்பாடு. அதே நிலையத்தின் சி.பி. கோபிநாதன் பாசி பிரிக்கும், வளர்க்கும் முறைகளைக் கைநூல் வடிவில் எழுதிவைத்தார். அதைத் தொடர்ந்து, உணவாகும் ஆளிக்கும் மட்டிக்கும் பொரிப்பக முறை உருவானது. பொரித்த முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பார்களில் விட்டுப் பார்க்கவும் முயன்றார்கள்.

தூத்துக்குடி அனுபவத்தில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. நீந்தும் இளவுயிரிக்குத்தான் குளிரறையின் தூய பாசி. ஒட்டிக்கொண்ட குஞ்சுக்கு வெளியே வெயிலில் வளர்த்த கலப்புப் பாசியே போதும் என்று விட்டுவிட்டார்கள். கடல்நீரை வடிகட்டித் தொட்டியில் நிரப்பி, நிலக்கடலைப் பிண்ணாக்கு, யூரியா, சூப்பர் பாஸ்பேட் போட்டால் கீட்டோசீராஸ் முதலிய டயட்டம்கள் ஓரிரு நாளில் பொங்கிவிடும். வயலுக்குப் போடும் சரக்கே தொட்டிக்கும் உரம். மேலைநாட்டில் ஒன்றுக்கொன்று போட்டியாகப் பேசப்பட்ட இரண்டு வழிகளையும் இங்கே வயதுக்கு ஏற்ப அடுத்தடுத்து வைத்தார்கள்.

உறை ஊற்றும் கலை

பாசி அறையில் நடப்பதை நம் வீட்டுப் பழக்கத்தில் சொன்னால் தயிருக்கு உறை ஊற்றுவதுதான். சோதனைக் குழாயில் காக்கும் தாய்ப்பாசியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கால் லிட்டர் குடுவைக்கு, அதிலிருந்து நாலு லிட்டர் தட்டைக் குடுவைக்கு, அங்கிருந்து 20 லிட்டர் கண்ணாடிக் கலத்துக்கு, பிறகு பிளாஸ்டிக் பைக்கோ நாரிழைத் தொட்டிக்கோ. ஒவ்வொரு படியிலும் ஐந்தாறு நாள். 23 முதல் 25 டிகிரி வெப்பம், விளக்கு, மெல்லிய காற்றோட்டம்.

இளந்தயிர்தான் நல்ல உறை என்பது பாட்டிக்குத் தெரியும். பாசிக்கும் அதே விதி. உறை விட்டதும் முதலில் ஒரு மந்தம், பிறகு நாளுக்கு நாள் இரட்டிக்கும் வேகம், பிறகு தேக்கம், கடைசியில் சரிவு. வேகமாகப் பெருகும் நாளில் எடுத்த பாசியே அடுத்த குடுவைக்கு உறை, அதுவே குஞ்சுக்கு நல்ல தீனி. தேங்கிக் கிழடுதட்டிய பாசி புளித்த மோர்போல. நிறம் கெட்டியாக இருக்கும், கூடவே பாக்டீரியாவும் கழிவும் சேர்ந்திருக்கும். இன்னும் இரண்டு நாள் விட்டால் அதிகம் கிடைக்குமே என்று காத்திருப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

அளவு எப்படித் தெரியும்? இரத்த அணுக்களை எண்ண மருத்துவ ஆய்வுக்கூடங்கள் வைத்திருக்கும் அதே கோடு போட்ட கண்ணாடித் தகடுதான். ஒரு சொட்டுப் பாசியில் அயோடின் விட்டு அசைவை நிறுத்தி, தகட்டில் வைக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் சதுரக் கட்டம், ஆழம் பத்தில் ஒரு மில்லிமீட்டர். கட்டத்துக்குள் இருப்பது ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நான்கு மூலைக் கட்டங்களில் 212, 198, 205, 185 என்று எண்ணினால் சராசரி 200. பத்தாயிரத்தால் பெருக்கினால் மில்லிலிட்டருக்கு 20 லட்சம் செல். தொட்டியில் பத்து லட்சம் இளவுயிரி, ஒன்றுக்கு நாளைக்கு 5,000 செல் என்று வைத்தால் 500 கோடி செல் வேண்டும். ஆக இரண்டரை லிட்டர் ஊற்றினால் போதும். எண்ணிக்கை பிசகினால் அந்த இரண்டரை லிட்டர் பட்டினியாகவும் ஆகலாம், அழுகலாகவும் ஆகலாம்.

எதிரிகளும் உண்டு. மயிர்க்கால் உயிரிகள், ரோட்டிபர்கள், விப்ரியோ பாக்டீரியா, குடுவை மாறி வரும் வேறு பாசி. ஒரு மைக்ரான் வடிகட்டி, புற ஊதா விளக்கு, குளோரின் போட்டுத் தயோசல்பேட்டால் முறித்த நீர் என்று காவல் போட்டாலும், கழுவாத ஒரு கையால் ஒரு வார உழைப்பு போய்விடும்.

எந்தப் பாசி?

அளவுக்கு அடுத்த வாதம் தரத்தைப் பற்றியது. 1980களுக்குப் பின் வந்த ஆய்வுகள், குஞ்சுகள் சொந்தமாகப் போதிய அளவு செய்துகொள்ள முடியாத நீள்தொடர்க் கொழுப்பு அமிலங்களின்மேல் கவனம் வைத்தன. ஐசோகிரைசிஸ், பாவ்லோவா வகைகளில் அவற்றில் ஒன்றான டிஎச்ஏ அதிகம். கீட்டோசீராஸ், தலசியோசிரா போன்ற டயட்டம்களில் மற்றொன்றான இபிஏ அதிகம். இரண்டையும் கலந்து கொடுத்தால் தனித்தனியே கொடுப்பதைவிடக் குஞ்சு நன்றாக வளர்கிறது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. குஞ்சு பெரிதானபின் 10 மைக்ரானைத் தாண்டும் டெட்ராசெல்மிஸும் சேரும்.

இதற்கு ஒரு நல்ல எதிர்ச்சான்று நானோகுளோராப்சிஸ். சிங்கப்பூர் போன்ற இடங்களின் மீன் பொரிப்பகங்களில், மீன்குஞ்சுக்கு இரையாகும் ரோட்டிபருக்குத் தீனியாக இது தாராளமாக வளர்க்கப்படுகிறது. அளவு 2 முதல் 4 மைக்ரான், வாய்க்குப் பொருத்தம். வளர்ப்பதும் எளிது. ஆனால் சுவர் கெட்டி, டிஎச்ஏ இல்லை. மீன் பொரிப்பகத்தில் நாயகனாக இருக்கும் பாசி சிப்பிப் பொரிப்பகத்தில் எடுபடாது.

வெப்பநாட்டுக்கு இன்னொரு வசதி வாய்த்தது. தாகித்தியிலிருந்து வந்த ஐசோகிரைசிஸ் வகை மற்றவற்றைவிட வெப்பம் தாங்கியது. டி-ஐசோ என்று உலகம் முழுக்கப் பரவிய அதற்கு 2013இல் டிசோகிரைசிஸ் லூட்டியா என்று தனிப் பெயரே கொடுத்தார்கள். பெயர் மாறினாலும் பொரிப்பகங்களில் இன்னும் டி-ஐசோதான்.

பாட்டிலில் வரும் தீனி

இவ்வளவு பாடும் வேண்டாமென்று மாற்று தேடாதவர்கள் இல்லை. ஈஸ்ட், நுண்ணுறையிட்ட செயற்கைத் தீனி, உலர்த்திய டெட்ராசெல்மிஸ் பொடி, செறிவூட்டிய பாசிக் குழம்பு என்று பலதும் சந்தைக்கு வந்தன. 1992இல் கூட்டோவும் சோர்கெலூஸும் உலகப் பொரிப்பகங்களிடம் நடத்திய கணக்கெடுப்பு ஒரு மைல்கல். மாற்றுத் தீனியில் ஆர்வம் எல்லாருக்கும் இருந்தது, உயிர்ப்பாசியை விட்டொழிக்கும் துணிச்சல்தான் வரவில்லை.

அதன்பின் நிலைமை முன்னேறியிருக்கிறது. குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் வைக்கக்கூடிய பாசிக் குழம்பு இன்று தாய்ச் சிப்பிக்கும் வளர்ந்த குஞ்சுக்கும் கைகொடுக்கிறது. அறையில் ஒரு குடுவை கெட்டுப்போன நாளில் காப்பாற்றவும் அது உதவும். இளவுயிரிக்கு மட்டும் இன்னும் முழு மாற்று ஆகவில்லை. உயிருள்ள செல் நீரில் மிதந்து பரவியிருக்கும், தின்னாமல் விட்டாலும் உடனே அழுகாது. செத்த செல் கட்டியாகி அடியில் படியும், அங்கிருந்துதான் நோய் தொடங்கும். இருப்பு வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பியிருக்க முடியாது என்பதே இப்போதைய முடிவு.

நீரிணையின் பக்கம்

இப்போது நம் கரைக்கு வருவோம். சிங்கப்பூரில் பச்சை மட்டி வளர்ப்பு 1970களில் மிதவைகளில் முயலப்பட்டு நிலைத்தது. அதற்குப் பொரிப்பகம் தேவைப்படவில்லை. கயிறு தொங்கவிட்டால் நீரிணையில் மிதந்துவரும் குஞ்சு தானே ஒட்டும், பாசியைத் தானே தின்னும். செயிண்ட் ஜான்ஸ் தீவில் 2003இல் தொடங்கிய கடல்சார் மீன்வளர்ப்பு மையத்தின் முதன்மை வேலை கொடுவா போன்ற மீன்குஞ்சு. அங்கே பாசி பெரும்பாலும் மீனின் இரைக்கு இரை.

அதே தீவின் கடல் ஆய்வுக்கூடத்தில் வளரும் ராட்சதச் சிப்பி வேறு கதை. சிங்கப்பூர்ப் பாறைத்திட்டுகளில் அருகிப்போன இந்த இனத்தைத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்த்து மீண்டும் கடலில் விடுகிறார்கள். அதன் நீந்தும் பருவம் ஒரு வாரம், பத்து நாள்தான். ஒட்டியதும் ஒருவகை நுண்பாசியைத் தன் சதைமடிக்குள்ளேயே குடிவைத்துக்கொள்கிறது. வெயில் பட்டால் அந்தப் பாசி சர்க்கரை செய்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கும். பொரிப்பகத்தார் செய்ய வேண்டியது வளர்ந்த சிப்பியின் பாசியை எடுத்துக் குஞ்சுக்கு அறிமுகப்படுத்துவது. தீவனக் கேள்விக்கு இயற்கையே கண்டுபிடித்த விடை இது, மற்ற பெரும்பாலான சிப்பிகளுக்குக் கிடைக்காத வரம்.

ஆனால் நீரிணையின் இலவசச் சாப்பாட்டுக்கும் நிபந்தனை உண்டு. 1924இல் திறக்கப்பட்ட உட்லண்ட்ஸ் தரைப்பாலம் நீரோட்டத்தை இரண்டாகப் பிரித்தது. பெருமழைக்குப் பின் உப்புத்தன்மை இறங்குகிறது, இரு கரையின் ஊட்டச்சத்தும் வந்து சேர்கிறது. 2014இலும் 2015இலும் நச்சுப் பாசி பெருகி இங்குள்ள மிதவைப் பண்ணைகளில் டன் டன்னாக மீன் செத்தது. நீரில் பாசி அதிகம் என்பதும் குஞ்சுக்குத் தீனி அதிகம் என்பதும் ஒன்றல்ல.

எப்போது நடுவது?

கணக்கின் மிகப் பெரிய எண் கடைசியில்தான் வருகிறது. ஹெல்ம், போர்ன், லோவடெல்லி மூவரும் எழுதிய, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் 2004ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, 5 மில்லிமீட்டர் அளவுள்ள பத்து லட்சம் குஞ்சுகளுக்கு 24 டிகிரியில் நாளொன்றுக்குச் சுமார் 1,400 லிட்டர் அடர்பாசி வேண்டும். இளவுயிரியாக இருந்தபோது இரண்டரை லிட்டரில் முடிந்த சாப்பாடு, சில வாரத்தில் லாரித் தண்ணீர் அளவுக்குப் போய்விடுகிறது. மின்சாரமும் இடமும் விலைகூடிய ஊரில் இதை அறைக்குள் சமைத்துக் கட்டுப்படியாகாது.

ஆகவே நூறாண்டு ஆராய்ச்சியைத் திரும்பிப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான். நுண்பாசி வளர்ப்பைச் சிப்பியின் வாழ்நாள் தீவனமாகப் பார்ப்பதால்தான் செலவு பயமுறுத்துகிறது. அது நாற்றங்கால் மட்டுமே. சிறிய, சுத்தமான அறை, இரண்டு மூன்று இனப் பாசி, ஒழுங்கான எண்ணிக்கை ஆகியவற்றோடு அந்த மூன்று நான்கு வாரத்தைத் தாண்டவைத்து, பிறகு படிப்படியாகக் கடலிடம் ஒப்படைப்பதே கெட்டிக்காரத்தனம். தூத்துக்குடி பிண்ணாக்குத் தொட்டியால் செய்ததை, சிங்கப்பூர் நீரிணையில் தொங்கும் வலைக்கூடையால் செய்யலாம். ஆனால் எந்த நாளில் நீர் நல்லது, எந்த நாளில் நஞ்சு என்று பார்க்கும் கண் தொடர்ந்து விழித்திருக்க வேண்டும். நாற்றுக்கு வயது ஏறுமுன் நட வேண்டும், வயலில் தண்ணீர் சரியாக இருக்கும் நாளில் நட வேண்டும் என்பது எந்த விவசாயிக்கும் தெரிந்த விஷயம்.

படகுத்துறைத் தூணுக்குத் திரும்பினால் முதல் கேள்விக்கும் விடை கிடைக்கிறது. கடல் குஞ்சுக்கு நம்மைவிட நன்றாகச் சோறு போடவில்லை. ஒரு மட்டி லட்சக்கணக்கில் முட்டை விடுகிறது, அதில் தூணில் வந்து ஒட்டியது விரல்விட்டு எண்ணும் அளவு. மற்றவை பட்டினியிலும் பிறர் வாயிலும் போயின. தொட்டிக்காரருக்கு அந்த ஊதாரித்தனம் கட்டுப்படியாகாது. அதனால்தான் அவர் தினம் காலையில் கண்ணாடித் தகட்டில் குனிந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.